அண்ணனின் அறிக்கையில் இல்லாத ஓர் எண்: ட்ரைகிளிசரைடும் அப்போலிப்போபுரதங்களும்

மருத்துவச் சோதனைக்கூடத்தில் 18 ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். காலை எட்டு மணிக்குள் வெறும் வயிற்றில் எடுத்த இரத்தக் குழாய்கள் வரிசையாக வந்து சேர்ந்துவிடும். அவற்றை மையவிலக்குக் கருவியில் சுழற்றி, கருவி நின்றதும் ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பது என் வழக்கம். அடியில் சிவப்பணுக்கள் உறைந்து நிற்க, நடுவிலுள்ள ஜெல் படலத்துக்கு மேல் சீரம் வைக்கோல் நிறத்தில் தெளிந்திருக்க வேண்டும். ஆனால் வாரத்துக்குச் சில குழாய்களாவது நீர்மோரைப் போலக் கலங்கி வரும். மிக அரிதாக ஒன்று, கறந்த பாலைப் போலக் கெட்டியான வெண்மையுடன் வரும். இந்த வெண்மை முழுவதும் ட்ரைகிளிசரைடு என்னும் கொழுப்பால் ஆனது. அத்தகைய சீரத்தை ஓர் இரவு குளிர்பெட்டியில் அசைக்காமல் வைத்துவிட்டு மறுநாள் பார்த்தால் இரண்டில் ஒன்று நடந்திருக்கும். பால் ஆறியதும் ஏடு கட்டுவதுபோல மேலே ஒரு வெள்ளைப் படலம் திரண்டு, கீழே சீரம் தெளிந்திருந்தால், அது குடலிலிருந்து வந்த கைலோமைக்ரான் என்னும் மிகப் பெரிய துகள்களின் கூட்டம். ஏடு கட்டாமல் முழுவதும் ஒரே சீராகக் கலங்கியிருந்தால், அது கல்லீரல் அனுப்பிய விஎல்டிஎல் துகள்களின் கூட்டம். ட்ரைகிளிசரைடு என்று அறிக்கையில் ஒரே எண்ணாக அச்சாகும் ஒன்று, உண்மையில் வெவ்வேறு துகள்களில் ஏறிவரும் சுமை என்பதை எனக்கு முதன்முதலில் உணர்த்தியது இந்தக் குளிர்பெட்டிச் சோதனைதான்.

இதை இப்போது எழுதக் காரணம் என் அண்ணன். பள்ளித் தலைமையாசிரியர், புகைக்காதவர், தினமும் நடப்பவர். 52 வயதில் ஒரு விடியற்காலையில் அவருக்கு மாரடைப்பு வந்தது. உடனே கொண்டுபோனதால் ஸ்டென்ட் வைத்துப் பிழைத்துக்கொண்டார். வீடு திரும்பிய பிறகு, நான்கு மாதங்களுக்கு முன் வேறோர் இடத்தில் எடுத்த இரத்தப் பரிசோதனை அறிக்கையை என்னிடம் நீட்டி, "எல்டிஎல் நூற்றுக்குள்ளதானே இருக்கு பாப்பா, அப்புறம் எனக்கு எப்படி வந்தது?" என்று கேட்டார். அதில் டெசிலிட்டருக்கு மி.கி. கணக்கில், மொத்தக் கொலஸ்ட்ரால் 192, 'நல்ல' கொலஸ்ட்ரால் எனப்படும் ஹெச்டிஎல் 31, ட்ரைகிளிசரைடு 310, 'கெட்ட' கொலஸ்ட்ரால் எனப்படும் எல்டிஎல் 99 என்று இருந்தது. ட்ரைகிளிசரைடு எண்ணுக்கு அருகில் மட்டும் ஒரு நட்சத்திரக் குறி. எண்ணெயைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், அவரும் குறைத்திருக்கிறார். அண்ணனுக்கு அன்று என்னால் ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. இந்தப் பதிவு அந்தப் பதிலின் முழு வடிவம்.

எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்பது எல்லோரும் அறிந்தது. இரத்தம் பெரும்பாலும் தண்ணீர். ட்ரைகிளிசரைடும் கொலஸ்ட்ராலும் எண்ணெய் இனம். எனவே உடல் அவற்றை நுண்ணிய மூட்டைகளாகக் கட்டி அனுப்புகிறது. அந்த மூட்டையின் பெயர் லிப்போபுரதத் துகள். மூட்டையின் உறையில் பதிந்திருக்கும் புரதங்களே அப்போலிப்போபுரதங்கள். மூட்டை கலையாமல் பிடித்துக்கொள்வது, வழியில் எங்கே சரக்கை இறக்கலாம் என்று காட்டுவது, இறக்குவதை விரைவுபடுத்துவது அல்லது தடுப்பது, இறுதியில் மிச்சத்தைக் கல்லீரல் திரும்ப வாங்கிக்கொள்ளச் செய்வது ஆகிய அனைத்தும் இவற்றின் வேலை. கொழுப்பு வெறும் சரக்கு. அது போய்ச்சேரும் இடத்தையும் காலத்தையும் முடிவு செய்வது புரதம்.

இவற்றில் முதலில் சொல்ல வேண்டியது அப்போலிப்போபுரதம் பி, சுருக்கமாக அப்போ பி. குடலிலிருந்தும் கல்லீரலிலிருந்தும் ட்ரைகிளிசரைடைச் சுமந்து புறப்படும் ஒவ்வொரு துகளிலும் இந்தப் புரதம் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். துகள் எவ்வளவு பெரியதானாலும் இரண்டாவது கிடையாது. கல்லீரலில் உருவாகும்போது அதன் நீளம் 4,536 அமினோ அமிலங்கள். மனித உடலின் மிக நீண்ட புரதங்களில் ஒன்று. குடலிலும் இதே மரபணுதான் வேலை செய்கிறது. ஆனால் அங்கே, புரதம் செய்யும் கட்டளையை மரபணுவிலிருந்து எடுத்துச் செல்லும் ஆர்என்ஏ செய்தியில் ஓர் எழுத்து மட்டும் மாற்றப்பட்டு, அந்த இடமே முற்றுப்புள்ளியாகிவிடுவதால், புரதம் பாதி நீளத்திலேயே நின்றுவிடுகிறது. முழு நீளத்தில் 48 விழுக்காடு என்பதால் அதை அப்போ பி-48 என்றும், கல்லீரலின் முழுப் புரதத்தை அப்போ பி-100 என்றும் அழைக்கிறார்கள். ஒரே மரபணுவிலிருந்து இடத்துக்குத் தக்கபடி இரண்டு நீளங்களில் புரதம் செய்துகொள்ளும் இந்த ஏற்பாட்டை மாணவப் பருவத்தில் முதன்முதலாகப் படித்தபோது ஏற்பட்ட வியப்பு எனக்கு இன்னும் தீரவில்லை.

ஒரு துகளுக்கு ஓர் அப்போ பி என்பதால், இரத்தத்தில் அப்போ பி எவ்வளவு என்று அளந்தால் துகள்கள் எத்தனை என்று எண்ணியதாகிவிடும். எல்டிஎல் கொலஸ்ட்ராலும் ட்ரைகிளிசரைடும் அப்படிப்பட்ட அளவைகள் அல்ல. அவை மூட்டைக்குள் இருக்கும் சரக்கின் எடையைச் சொல்பவை. ஆயிரம் கிலோ அரிசி என்று சொன்னால் அது பத்து மூட்டையா, நாற்பது சிறு பைகளா என்று தெரியாது. தமனியின் சுவரைப் பொறுத்தவரை முக்கியமானது எண்ணிக்கை. துகள் சுவருக்குள் நுழைந்ததும், அதன் அப்போ பி புரதம் அங்கிருக்கும் புரோட்டியோகிளைக்கான் என்னும், சர்க்கரைச் சங்கிலிகள் கோத்த புரத இழைகளில் ஒட்டிக்கொள்கிறது. அப்படிச் சிக்கிக்கொண்ட துகள்களே கொழுப்புப் படிவுக்கு வித்து. எத்தனை துகள்கள் மோதுகின்றனவோ அத்தனை வாய்ப்புகள்.

அண்ணனின் எல்டிஎல் 99 எப்படி வந்தது என்பதற்கும் இங்கே ஒரு விளக்கம் தேவை. பெரும்பாலான அறிக்கைகளில் எல்டிஎல் நேரடியாக அளக்கப்படுவதில்லை. 1972-இல் ஃபிரீடுவால்டும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட சூத்திரத்தின்படி, மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து ஹெச்டிஎல்லையும், ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்தால் கிடைப்பது எல்டிஎல். 192-இலிருந்து 31-ஐயும் 62-ஐயும் கழித்தால் 99. ட்ரைகிளிசரைடு ஏற ஏற இந்தக் கணக்கு துல்லியத்தை இழக்கும். 400-ஐத் தாண்டினால் பயன்படுத்தவே கூடாது. ஆனால் கணக்குப் பிழையைவிடப் பெரிய செய்தி ஒன்று உண்டு. ட்ரைகிளிசரைடு நிறைந்த இரத்தத்தில் துகள்களுக்கிடையே ஓயாமல் பண்டமாற்று நடக்கிறது. விஎல்டிஎல் தன் ட்ரைகிளிசரைடை எல்டிஎல்லுக்குக் கொடுத்துவிட்டு, அதனிடமிருந்து கொலஸ்ட்ராலை வாங்கிக்கொள்கிறது. பிறகு கல்லீரலின் நொதி ஒன்று அந்த ட்ரைகிளிசரைடையும் கரைத்துவிட, எல்டிஎல் துகள் சிறுத்து, கொலஸ்ட்ரால் குறைந்ததாக மாறுகிறது. ஒவ்வொரு துகளிலும் சரக்கு குறைவு என்பதால், துகள்கள் மிகுந்திருந்தும் எல்டிஎல் கொலஸ்ட்ரால் குறைவாகத் தெரியும். அண்ணனின் இரத்தத்தை மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு, மருந்து தொடங்குவதற்கு முன் எடுக்க வழியில்லை. ஆனால் பழைய மாதிரியிலிருந்து சீரத்தில் ஒரு பகுதி அந்தக் கூடத்தின் உறைகுளிர்பெட்டியில் இருந்தது. கேட்டு வாங்கி அப்போ பி அளந்தோம். 128 மி.கி. வந்தது. எல்டிஎல் 99 என்ற ஆறுதலான எண்ணின் பின்னால் அத்தனை துகள்கள் ஒளிந்திருந்தன.

துகள்கள் ஏன் இப்படிப் பெருகித் தேங்குகின்றன என்பதற்கு மற்ற அப்போலிப்போபுரதங்களின் கதையைச் சொல்ல வேண்டும். தசையிலும் கொழுப்புத் திசுவிலும் உள்ள தந்துகிகளின் உட்சுவரில் லிப்போபுரத லைபேஸ் என்னும் நொதி நங்கூரமிட்டு நிற்கிறது. கைலோமைக்ரானும் விஎல்டிஎல்லும் அதைத் தொட்டுச் செல்லும்போது, அந்த நொதி ட்ரைகிளிசரைடை உடைத்து, கொழுப்பமிலங்களைத் திசுவுக்குள் அனுப்புகிறது. இந்த நொதி வேலை செய்ய ஒரு திறவுகோல் வேண்டும். அது துகளின் உறையிலேயே இருக்கும் அப்போ சி-2. வெறும் 79 அமினோ அமிலங்கள் கொண்ட சிறிய புரதம். இதன் அருமை தெரியவந்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. டொரண்டோவில் மிக அதிக ட்ரைகிளிசரைடுடன் இருந்த ஒரு நோயாளிக்கு இரத்தம் ஏற்ற வேண்டி வந்தது. ஏற்றியதும் அவருடைய ட்ரைகிளிசரைடு விரைந்து சரிந்தது. பிறருடைய இரத்தத்தில் இருந்த ஏதோ ஒன்று இவருக்கு இல்லாததை ஈடுசெய்கிறது என்று உணர்ந்து மருத்துவர்கள் தேடியபோது, அவருடைய உடலில் அப்போ சி-2 அறவே இல்லை என்பது தெரிந்தது. 1978-இல் அந்த அறிக்கை வெளியானது. நொதி இருந்தும் திறவுகோல் இல்லாததால் பூட்டியே கிடந்த கதவு அது.

திறவுகோலுக்கு எதிராகத் தாழ்ப்பாளைப் போல வேலை செய்வது அப்போ சி-3. இதற்கும் 79 அமினோ அமிலங்கள்தான். இது லைபேஸ் நொதியைத் தடுக்கிறது. அதோடு, சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும் எச்சத் துகள்களைக் கல்லீரல் வாங்கிக்கொள்வதையும் தாமதப்படுத்துகிறது. 1990-இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜான் பிரெஸ்லோவின் ஆய்வுக்குழு, மனிதரின் அப்போ சி-3 மரபணுவை எலிகளுக்குள் செலுத்தியபோது, அந்த எலிகளின் ட்ரைகிளிசரைடு கடுமையாக உயர்ந்தது. அப்படியானால் இந்தப் புரதம் குறைவாக உள்ள மனிதர்கள் எப்படி இருப்பார்கள் என்ற கேள்விக்கு விடை கிடைக்க மேலும் 18 ஆண்டுகள் ஆயின.

விடை அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், லங்காஸ்டர் வட்டாரத்தில் வாழும் ஆமிஷ் சமூகத்திடம் கிடைத்தது. கார் வைத்துக்கொள்ளாமல் குதிரை வண்டியில் செல்லும், தங்களுக்குள்ளேயே மணம்செய்துகொள்ளும் அந்த வேளாண் சமூகத்தினர் ஏறக்குறைய 800 பேருக்கு, மேரிலாந்துப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கொழுப்பு மிகுந்த ஒரு பானத்தைக் குடிக்கக் கொடுத்து, அடுத்த சில மணி நேரங்களில் ட்ரைகிளிசரைடு எப்படி ஏறி இறங்குகிறது என்று அளந்தார்கள். ஏறத்தாழ 5 விழுக்காட்டினருக்கு அது மற்றவர்களைப் போல ஏறவில்லை. தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக வரும் அப்போ சி-3 மரபணுவின் இரண்டு படிகளில் ஒன்றில், அவர்களுக்கு 19-ஆவது அமினோ அமிலத்துக்கான இடத்தில் புரதத்தைக் கட்டுவதை நிறுத்தச் சொல்லும் சடுதிமாற்றம் இருந்தது. அதனால் அவர்களின் இரத்தத்தில் இந்தப் புரதம் பாதி அளவே இருந்தது. வெறும் வயிற்றிலும் உணவுக்குப் பின்பும் ட்ரைகிளிசரைடு குறைவு, ஹெச்டிஎல் அதிகம், எல்டிஎல் குறைவு. இதயத் தமனிகளில் சுண்ணாம்புப் படிவும் மற்றவர்களைவிடக் குறைவு. 2008-இல் வெளியான அந்த ஆய்வு, 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் பிறந்த ஒருவர் வழியாக இந்த மாற்றம் அந்தச் சமூகத்துக்குள் வந்திருக்கக்கூடும் என்றும் கணித்தது. ஒருவர் தம் வழித்தோன்றல்களுக்கு வீடும் நிலமும் விட்டுச் செல்வார். இவர் தெளிந்த இரத்தத்தை விட்டுச் சென்றிருக்கிறார்.

ஒரு சிறு சமூகத்தில் கண்டது எல்லோருக்கும் பொருந்துமா என்று ஐயம் எழுவது இயல்பு. 2014-இல் ஒரே நேரத்தில் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகள் அதைத் தீர்த்தன. ஒன்றில், அப்போ சி-3 மரபணுவின் ஒரு படி செயலிழந்தவர்களுக்கு ட்ரைகிளிசரைடு 39 விழுக்காடும், இதயத் தமனி நோயின் வாய்ப்பு 40 விழுக்காடும் குறைவாக இருந்தன. கோபன்ஹேகன் நகர மக்களிடம் நடந்த மற்றோர் ஆய்வில் ட்ரைகிளிசரைடு 44 விழுக்காடும், இரத்தக்குழாய் அடைப்பு நோய்கள் 41 விழுக்காடும் குறைவாக இருந்தன.

இரண்டு படிகளும் செயலிழந்த மனிதர், அதாவது அப்போ சி-3 அறவே இல்லாதவர், எங்கேனும் இருக்கிறாரா என்ற தேடலுக்குப் பாகிஸ்தானில் விடை கிடைத்தது. நெருங்கிய உறவுக்குள் மணம் அங்கே பரவலாக இருப்பதால், ஒரே சடுதிமாற்றத்தைத் தாய்வழியும் தந்தைவழியும் பெற்றவர்களைக் காண்பது அங்கே எளிது. மாமன் மகள், அத்தை மகன் மணங்களை அறிந்த தமிழ் வாசகருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. டேனிஷ் சலேஹீனும் அவருடைய குழுவினரும் 10,503 பேரின் மரபணுக்களை ஆராய்ந்து 2017-இல் வெளியிட்ட முடிவுகளில், அத்தகையோர் இருந்தார்கள். அவர்களில் ஒருவருடைய குடும்பத்தைத் தேடிச் சென்றபோது, அவர் மனைவிக்கும் இரண்டு படிகளும் செயலிழந்திருந்தன. அதனால் அவர்களின் ஒன்பது பிள்ளைகளுக்கும் அப்படியே. அவர்களுக்குக் கொழுப்பு மிகுந்த உணவைக் கொடுத்து மணிக்கணக்காக அளந்தும், உணவுக்குப் பின் எல்லோருக்கும் வரும் ட்ரைகிளிசரைடு ஏற்றம் அவர்களுக்கு ஏறத்தாழ வரவே இல்லை. நலமாகவும் இருந்தார்கள். ஒரு புரதத்தை மருந்தால் தடுக்கலாமா என்று யோசிக்கும் மருத்துவ உலகுக்கு, அந்தப் புரதம் இல்லாமலேயே ஒரு குடும்பம் முழுவதும் நன்றாக வாழ்கிறது என்பதைவிடப் பெரிய உறுதி கிடைப்பது கடினம்.

அப்போ ஏ-5 இன்னொரு பக்கத்தில் நின்று லைபேஸுக்குத் துணைபுரிகிறது. நன்கு அறியப்பட்ட அப்போலிப்போபுரத மரபணுக்களுக்கு அருகில், 11-ஆவது குரோமோசோமில் மறைந்திருந்த இதை, மனித மரபணு வரிசையையும் எலியின் வரிசையையும் பக்கம் பக்கமாக வைத்து ஒப்பிட்டு 2001-இல் கண்டுபிடித்தார்கள். இதை நீக்கிய எலிகளுக்கு ட்ரைகிளிசரைடு நான்கு மடங்காகியது. அப்போ இ என்பது எச்சத் துகள்களைக் கல்லீரலின் வாசலில் அடையாளம் காட்டும் புரதம். அதன் இ-2 வகையை இரு பெற்றோரிடமிருந்தும் பெற்றவர்களில் சிலருக்கு, கொலஸ்ட்ரால் செறிந்த எச்சங்கள் இரத்தத்தில் தேங்கி, உள்ளங்கை ரேகைகளில் மஞ்சள் கோடுகளாகப் படியும். அந்த ரேகைகளைப் பார்த்து நோயை ஊகிக்கும் மருத்துவர்கள் இன்றும் உண்டு.

இனி, இந்தப் பதிவில் நான் மிகவும் வலியுறுத்த விரும்பும் இடத்துக்கு வருகிறேன். சோதனைக்கூடத்தில் பார்த்தாலே அச்சம் தரும் அந்தப் பால்வெள்ளைச் சீரம், 2,000, 3,000 என்று ட்ரைகிளிசரைடு ஏறிய சீரம், இதயத்துக்குத்தான் மிகக் கேடு என்று தோன்றும். லைபேஸோ அப்போ சி-2-வோ பிறவியிலேயே இல்லாதவர்களின் இரத்தம் அப்படித்தான் இருக்கும். ஆனால் அவர்களுக்கு முதன்மையான ஆபத்து இதயத்தில் இல்லை, கணையத்தில் இருக்கிறது. கடுமையான கணைய அழற்சி உயிரையே பறிக்கக்கூடும். தமனியில் படிவு எதிர்பார்த்த அளவுக்கு வருவதில்லை. ஏனெனில் சரக்கு இறங்காத கைலோமைக்ரான் தமனிச் சுவருக்குள் நுழைய முடியாத அளவுக்குப் பெரியது. மாறாக, 200-க்கும் 500-க்கும் இடையில் நிற்கும் ட்ரைகிளிசரைடு, நீர்மோர் போன்ற லேசான கலங்கல், பாதி சரக்கு இறங்கிய சிறிய எச்சத் துகள்கள் பெருகியிருப்பதைக் காட்டக்கூடும். அவை சுவருக்குள் நுழையும், சிக்கும், ஒவ்வொன்றும் எல்டிஎல் துகளைவிட அதிகக் கொலஸ்ட்ராலைக் கொண்டுசேர்க்கும். என் அண்ணனின் 310 இந்த வகை.

அப்படியானால் ட்ரைகிளிசரைடு எண்ணைக் குறைத்தால் போதுமே என்று கேட்கலாம். மருத்துவ உலகமும் அப்படித்தான் பல ஆண்டுகள் நம்பியது. 2022-இல் வெளியான பெமாஃபைப்ரேட் மருந்தின் ஆய்வு அந்த நம்பிக்கையை உலுக்கியது. ட்ரைகிளிசரைடு மிகுந்த, ஹெச்டிஎல் குறைந்த, இரண்டாம் வகை நீரிழிவு கொண்ட 10,497 பேர் அதில் பங்கேற்றார்கள். மருந்து ட்ரைகிளிசரைடை 26 விழுக்காடு குறைத்தது. ஆயினும் மாரடைப்பும் பக்கவாதமும் இதய மரணமும் சிறிதும் குறையவில்லை. காரணத்தை அறிக்கையின் மற்றோர் எண்ணில் காணலாம்: அப்போ பி குறையாமல் ஏறத்தாழ 5 விழுக்காடு உயர்ந்திருந்தது, எல்டிஎல்லும் 12 விழுக்காடு உயர்ந்திருந்தது. மருந்து எச்சத் துகள்களிலிருந்து சரக்கை இறக்கி அவற்றை எல்டிஎல்லாக மாற்றியதே தவிர, இரத்தத்திலிருந்து வெளியேற்றவில்லை. மூட்டை இளைத்தது, மூட்டைகளின் எண்ணிக்கை குறையவில்லை.

இதையே மரபணுவழியாக 2019-இல் பிரையன் ஃபெரன்ஸ் குழுவினர் ஏற்கெனவே காட்டியிருந்தார்கள். ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகளில், லைபேஸ் மரபணுவால் இயற்கையிலேயே ட்ரைகிளிசரைடு குறைந்தவர்களையும், எல்டிஎல் துகள்களைக் கல்லீரல் வாங்கிக்கொள்ள உதவும் ஏற்பியின் மரபணுவால் எல்டிஎல் குறைந்தவர்களையும் அவர்கள் ஒப்பிட்டார்கள். அப்போ பி 10 மி.கி. குறைந்தால், எந்த வழியில் குறைந்திருந்தாலும், இதய நோயின் வாய்ப்பு ஒரே அளவாக, ஏறத்தாழ 23 விழுக்காடு குறைந்தது. வழி எதுவென்பது பொருட்டாகவே இல்லை. என் தொழிலில் நான் படித்த முடிவுகளில் இவ்வளவு தெளிவானவை மிகச் சில. அப்போ சி-3 இல்லாதவர்களுக்கு ஏன் பாதுகாப்பு கிடைக்கிறது என்பதும் இதனால் புரியும்: அங்கே எச்சத் துகள்கள் இளைப்பதோடு நிற்பதில்லை, கல்லீரலால் விரைந்து எடுத்துக்கொள்ளப்பட்டு எண்ணிக்கையிலும் குறைகின்றன.

நம் பகுதி மக்களுக்கு இது ஏன் முக்கியம் என்பதற்கு உறுதியான தரவுகள் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய இடங்களில் நடந்து 2014-இல் வெளியான கணக்கெடுப்பில், உயர்ந்த எல்டிஎல் இருந்தவர்கள் 11.8 விழுக்காட்டினர் மட்டுமே. உயர்ந்த ட்ரைகிளிசரைடு 29.5 விழுக்காட்டினருக்கும், குறைந்த ஹெச்டிஎல் 72.3 விழுக்காட்டினருக்கும் இருந்தன. எல்டிஎல்லை மட்டும் பார்த்தால் நாம் பெரும்பாலும் நலமானவர்களாகவே தெரிவோம். ஆனால் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் சலீம் யூசுஃப் தலைமையில் 52 நாடுகளில் நடந்த ஆய்வின்படி, தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53. மற்ற நாட்டவருக்கு ஏறத்தாழ 59. அதே ஆய்வு, கெட்ட துகள்களின் அப்போ பி-க்கும் ஹெச்டிஎல்லின் முதன்மைப் புரதமான அப்போ ஏ-1-க்கும் உள்ள விகிதத்தை மாரடைப்பின் மிக வலுவான முன்னறிகுறிகளில் ஒன்றாகக் கண்டது. நம் தட்டில் எண்ணெயைவிட அரிசியும் சர்க்கரையும் அதிகம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இன்சுலின் வழக்கமாக அப்போ சி-3 உற்பத்தியை அடக்கி வைக்கிறது. இன்சுலினுக்கு உடல் சரியாகச் செவிசாய்க்காத நிலையில், அந்தக் கட்டுப்பாடு தளர்ந்து அப்போ சி-3 பெருகுகிறது. மிஞ்சிய சர்க்கரையைக் கல்லீரல் கொழுப்பாக்கி விஎல்டிஎல்லில் ஏற்றி அனுப்புகிறது. ஒருபுறம் மூட்டைகள் அதிகமாகப் புறப்படுகின்றன, மறுபுறம் இறக்குமிடத்தில் தாழ்ப்பாள் விழுகிறது. அண்ணன் தாளிக்கும் எண்ணெயைக் குறைத்துவிட்டு மூன்று வேளையும் சோற்றையும் இட்லியையும் நிறையவே உண்டுவந்தார். அவருக்கு யாரும் மற்றதைச் சொல்லவில்லை.

அப்போ பி-யை அளப்பது கடினமான சோதனையும் அல்ல. சீரத்தில் அந்தப் புரதத்துக்கான எதிர்ப்பொருளைச் சேர்க்கிறோம். இரண்டும் பிணைந்து நுண்ணிய கலங்கல் உண்டாகிறது. அந்தக் கலங்கலின் அளவை ஒளியைக்கொண்டு கருவி படிக்கிறது. சில நிமிட வேலை. வெறும் வயிறு கட்டாயமில்லை. சீரமே பாலாக இருந்தால் மட்டும் அளவீட்டுக்கு இடையூறு வரும்; அப்போது சீரத்தை நீர்க்கச் செய்து அளக்க வேண்டும். ஐரோப்பிய இதயவியல் சங்கம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், மிக அதிக ஆபத்துள்ளவர்களுக்கு அப்போ பி 65-க்குக் கீழும், அதிக ஆபத்துள்ளவர்களுக்கு 80-க்குக் கீழும் இருக்க வேண்டும் என்கிறது. அப்போ பி பார்க்க வசதி இல்லாத இடத்தில், கையிலிருக்கும் அறிக்கையிலேயே மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து ஹெச்டிஎல்லைக் கழித்துப் பார்க்கலாம். அண்ணனுக்கு அது 161. 99 என்ற எண்ணைவிட 161 எவ்வளவோ உண்மையைச் சொல்லியிருக்கும்; அதைக் கழித்துப் பார்க்கப் பேனாவும் அரை நிமிடமும் போதும். அந்த அறிக்கையை அவர் எனக்கு நான்கு மாதங்களுக்கு முன்பே அனுப்பியிருக்கலாமே என்று நான் பலமுறை வருந்தியிருக்கிறேன்.

அப்போ சி-3 புரதத்தைத் தடுக்கும் மருந்துகளும் வந்துவிட்டன. கல்லீரலில் அந்தப் புரதத்துக்கான ஆர்என்ஏ செய்தியோடு ஒட்டிக்கொண்டு அதை அழித்துவிடும் சிறு மரபிழைகள் அவை. முதலில் வந்த வோலனேசார்சனுக்கு 2019-இல் ஐரோப்பாவில் நிபந்தனையுடன் ஒப்புதல் கிடைத்தது. தட்டணுக்கள் குறையும் பக்கவிளைவு அதன் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தியது. கல்லீரலை மட்டும் தேடிச் செல்லுமாறு திருத்தி அமைக்கப்பட்ட ஒலேசார்சனுக்கு, பிறவியிலேயே கைலோமைக்ரான் தேங்கும் நோய்க்காக 2024 டிசம்பரில் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. கணைய அழற்சியால் மீண்டும் மீண்டும் மருத்துவமனைக்குச் செல்லும் அந்த நோயாளிகளுக்கு இது பெரும் விடுதலை. ஆனால் என் அண்ணனைப் போன்றவர்களுக்கு மாரடைப்பைத் தடுக்க இப்போதைக்கு உரிய வழி, அப்போ பி-யை உறுதியாகக் குறைப்பவை என்று நிறுவப்பட்ட ஸ்டாட்டினும் எசட்டிமைபும் போன்றவையே. உணவும் எடையும் அவற்றோடு சேர்ந்தே வர வேண்டும்.

மருத்துவர் தந்த மருந்துகளுடன், இரவுச் சோற்றைப் பாதியாக்கி, காப்பியில் சர்க்கரையை நிறுத்தி, ஆறு மாதங்களில் ஏழு கிலோ குறைத்தார் அண்ணன். சென்ற மாதம் அவருடைய இரத்தத்தை நானே சுழற்றினேன். குழாயை வெளிச்சத்தில் பிடித்தபோது பின்னாலிருந்த சுவர்க் கடிகாரத்தின் எண்கள் தெரிந்தன. ட்ரைகிளிசரைடு 142, அப்போ பி 61. அவரோடு வந்திருந்த மகனுக்கு 27 வயது. அப்பாவைப் போலவே வயிறு முன்தள்ளத் தொடங்கியிருக்கிறது. "அத்தை, எனக்கும் எடுத்துப் பாருங்க" என்று அவனே கையை நீட்டினான். ட்ரைகிளிசரைடு 188, எல்டிஎல் 104, அப்போ பி 109. அறிக்கையில் எந்த எண்ணுக்கு அருகிலும் பெரிய எச்சரிக்கை இல்லை, ட்ரைகிளிசரைடுக்கு மட்டும் அதே சிறு நட்சத்திரம். அப்போ பி-யின் கீழ் நான் சிவப்புப் பேனாவால் கோடிட்டு, மருத்துவரைப் பார்க்க வரும் சனிக்கிழமைக்கு நேரம் வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.